இன்றைக்கே பூ போய்ச் சேர வேண்டும்: சின்ன ஊருக்கு அனுப்புகிறவர்களுக்கு

சென்னைக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பூ அனுப்ப இந்த அத்தியாயம் தேவைப்படாது. கைபேசியில் ஒரு செயலியைத் திறந்தால் போதும், வேலை முடிந்துவிடும். மன்னார்குடியில் இருக்கும் அத்தைக்கு இன்று சாயங்காலத்துக்குள் பூ போய்ச் சேர வேண்டும், நீங்கள் இருப்பதோ பெங்களூரில், அல்லது சிங்கப்பூரில் என்றால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அம்பாசமுத்திரம், முசிறி, அறந்தாங்கி, கோபிசெட்டிபாளையம் என்று எந்த ஊரை எடுத்தாலும் இதே கதைதான்.

இத்தனைக்கும் பூ இல்லாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. கோவில் இருந்தால் பூக்கடை இருக்கும். பேருந்து நிலையம் இருந்தால் இரண்டு மூன்று இருக்கும். உங்களுக்கு வேண்டிய மாலையைக் கட்டத் தெரிந்த கை அங்கே ஏற்கெனவே உட்கார்ந்து வேறு யாருக்கோ கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கைக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அதைத் தெரியாது, அவ்வளவுதான். அந்தக் கடைக்காரரிடம் நேரே பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மிச்சப் பாதி, அன்றைக்கு அவர் கூடையில் என்ன இருக்கிறதோ அதைக் கேட்டு வாங்குவது.

நடுவில் நிற்கும் இணையதளம்

1910-ல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஓர் ஊர்க் கடையில் பணம் கட்டினால் அடுத்த ஊர்க் கடைக்குத் தந்தி போகும். அந்த ஊர்க்காரர் தன்னிடம் உள்ள பூவைக் கட்டி வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். எஃப்டிடி என்ற பெயரில் அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. பூ ஊர் விட்டு ஊர் போகவே இல்லை, செய்திதான் போனது. அதனால்தான் அது அன்றைக்கே முடிந்தது.

இன்று நம்மூருக்குப் பூ அனுப்புவதாகச் சொல்லும் இணையதளங்களும் இதே ஏற்பாட்டைத்தான் சொல்லிக்கொள்கின்றன. பெரிய நகரங்களில் அது ஓரளவு நடக்கவும் செய்கிறது. சின்ன ஊரில் பெரும்பாலும் அவர்களுக்குக் கடையே இருக்காது. உங்கள் ஆர்டர் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு பொக்கே கடைக்குப் போகும். இணையதளம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அந்தக் கடைக்குத் தரும். அவர் அந்த மிச்சத்துக்கு ஏற்றபடி பூவைக் குறைத்துக் கட்டி, நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு பையனை வண்டியில் அனுப்ப வேண்டும். கட்டுப்படியாகாது என்று தோன்றினால் நாளைக்குத் தள்ளிவிடுவார். படத்தில் பார்த்தது ஒன்று, வீட்டுக்கு வந்தது ஒன்று என்ற புலம்பலுக்கு முக்கால்வாசிக் காரணம் இந்தக் கணக்குதான். கட்டிய கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு தளம் உண்மையிலேயே அந்த ஊரில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. அதில் உள்ள எண்ணுக்குப் பேசி, "உங்க கடை தேரடிக்கிட்டயா, பஸ் ஸ்டாண்டுக்கிட்டயா?" என்று கேளுங்கள். ஊர்க்காரர் மூச்சு விடாமல் வழி சொல்வார். வேறெங்கோ உட்கார்ந்து பேசுகிறவர் உங்கள் பின்கோடைக் கேட்பார். பின்கோடு கேட்டால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

யாரிடம் கேட்பது

கூகுள் வரைபடத்தில் தேடுவது தப்பில்லை. வாடிக்கையாளர்கள் போட்ட படங்களைப் பார்த்தால் அந்தக் கடை மாலைக் கடையா, மேடை அலங்காரக் கடையா, உதிரிப்பூ விற்கும் இடமா என்று புரிந்துவிடும். ஆனால் நல்ல கை உள்ள பலர் அந்த வரைபடத்தில் ஏறியிருக்கவே மாட்டார்கள்.

அதனால் ஊரில் தெரிந்தவர் ஒருவரைப் பிடிப்பது நல்லது. உறவினரே வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில், "நம்மூர்ல மாலை யாருக்கிட்ட சொல்றீங்க?" என்று ஒரு வரி போட்டால் பத்து நிமிடத்தில் மூன்று எண் வரும். கல்யாண மண்டப மேலாளரும் ஊர்ப் போட்டோகிராபரும் இதில் இன்னும் கெட்டி. எந்தக் கடை சொன்ன நேரத்துக்குக் கொண்டுவரும், எது கடைசி நிமிடத்தில் கையை விரிக்கும் என்று அவர்களுக்கு அத்துப்படி.

நான் முதலில் போகச் சொல்வது வேறோர் இடத்துக்கு. உங்கள் அத்தை வீட்டுத் தெருவில் தினமும் வாடிக்கைக்குப் பூப் போடுகிற அம்மா ஒருவர் இருப்பார். சாயங்காலம் வீடு வீடாக வந்து கேட்டில் பூப் பொட்டலத்தைச் செருகிவிட்டு, மாதக் கடைசியில் கணக்கு வாங்கிக்கொள்கிறவர். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் எத்தனை மணிக்குக் கோவிலுக்குப் போவார்கள், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தக் கூரியர் நிறுவனத்திடமும் இந்தத் தகவல் கிடையாது. அவரே மாலை கட்டாவிட்டாலும் கட்டுகிறவரிடம் சொல்லி வாங்கி, தன் கூடையிலேயே வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். பக்கத்து வீட்டில் விசாரித்தால் அவர் எண் கிடைக்கும். யுபிஐ இல்லையென்றால் மகன் எண்ணைத் தருவார்.

பூவுக்கும் நேரம் உண்டு

அன்றைக்கே அனுப்புவதில் தோற்கிறவர்களில் பெரும்பாலோர் நேரத்தில்தான் தோற்கிறார்கள். பத்து மணிக்கு நினைப்பு வந்து, பதினோரு மணிக்கு மாலை வேண்டும் என்றால் ஊரில் யாராலும் முடியாது.

மல்லியை விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள். நிலக்கோட்டை, திண்டுக்கல், மதுரை மாட்டுத்தாவணி, சத்தியமங்கலம், தோவாளை, ஸ்ரீரங்கம் என்று பக்கத்தில் எந்தப் பூச்சந்தையோ அங்கே ஏலம் போய், மூட்டையாகவும் கூடையாகவும் பஸ்ஸிலும் வேனிலும் ஏறி, காலைக்கும் மதியத்துக்கும் இடையில் சின்ன ஊருக்கு வந்து சேர்கிறது. பிறகுதான் கட்ட உட்காருகிறார்கள். அந்த மொட்டு சாயங்காலம் விரிந்து மணக்க ஆரம்பிக்கும். ஆக மல்லி சாயங்காலத்துப் பூ. மாலை ஆறு மணி விசேஷத்துக்குக் காலை பத்து மணிக்குள் சொன்னால் அன்று பறித்த பூவே கிடைக்கும். காலை விசேஷத்துக்கு அன்று காலையில் சொன்னால் நேற்றைய பூதான் வரும், எந்தக் கடையாக இருந்தாலும்.

காலையில் வேண்டுமென்றால் தாங்குகிற பூவைக் கேளுங்கள். சம்பங்கி, செவ்வந்தி, அரளி, கோழிக்கொண்டை எல்லாம் முதல் நாள் வந்திருந்தாலும் முகம் வாடாது. தலைக்குக் கனகாம்பரம் நன்றாகத் தாங்கும், மணம் மட்டும் கிடையாது. அதோடு கொஞ்சம் மரிக்கொழுந்து சேர்த்துக் கட்டச் சொன்னால் அந்தக் குறையும் தீரும்.

அடுத்தது முகூர்த்த நாள். நீங்கள் கூப்பிடும் நாள் முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். அன்று ஊரில் மாலை கட்டத் தெரிந்த ஆட்கள் முதல் நாள் ராத்திரியிலிருந்தே மண்டபத்தில் இருப்பார்கள். காலை ஒன்பது மணி வரை போனை எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் எரிச்சலாகப் பேசுவார்கள். தாலி கட்டி முடிந்து பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் அதே ஆள் நிதானமாகப் பேசுவார், சாயங்காலத்துக்குக் கட்டியும் தருவார். ஆயுத பூஜைக்கு முதல் இரண்டு நாள், விநாயகர் சதுர்த்தி, தைப்பொங்கல் ஆகிய நாட்களில் புது ஆள் ஆர்டரை யாரும் எடுக்க மாட்டார்கள். தோவாளையை நம்பியிருக்கும் குமரி, நெல்லைப் பக்கத்து ஊர்களுக்கு ஓணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் பூவெல்லாம் கேரளத்துக்கு ஏறிவிடும்.

விலையும் இப்படித்தான். மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லி வரத்து சுருங்கிவிடும். கோடையில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகும் அதே பூ அப்போது ஆயிரங்களில் நிற்கும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இதிலிருந்து தப்புவதில்லை. அந்த மாதங்களில் முல்லையோ பிச்சியோ கேட்பது புத்திசாலித்தனம்.

முழக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. விலை ஏறுகிற நாளில் முழம் குறுகும், கட்டில் இடைவெளி விழும். ஆகவே போனில் "பத்து முழம்" என்று சொல்லாதீர்கள். எத்தனை பேர் தலைக்கு என்று சொல்லி, "நெருக்கிக் கட்டுங்க" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அவரே கணக்குப் போட்டு ஒரு தொகை சொல்வார். பெரும்பாலும் அது நியாயமாகவே இருக்கும்.

போனில் எப்படிப் பேசுவது

படத்தை அனுப்பி "இதே மாதிரி வேணும்" என்பதுதான் எல்லோரும் செய்வது. அந்தப் படம் சென்னையிலோ மைசூரிலோ எடுத்ததாக இருக்கும், அதிலுள்ள பூ அந்த ஊருக்கு வந்தே இருக்காது. கடைக்காரர் முடியாது என்று சொல்லத் தயங்கி, ஏதோ ஒன்றைக் கட்டிவைப்பார். பேச்சு இப்படிப் போக வேண்டும்:

"அக்கா, வணக்கம். பெங்களூர்லேருந்து பேசறேன். சன்னதித் தெரு டீச்சர் வீடு தெரியுமா?"

"ரேஷன் கடைக்கு எதுத்தாப்புல இருக்கே, அதானே? சொல்லுங்க தம்பி."

"எங்க அத்தை வீடுதான். அவங்களுக்கு இன்னைக்கு நாப்பதாவது கல்யாண நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுலயே சின்னதா செய்யறாங்க. ஜோடி மாலை வேணும், பொம்பளைங்க பத்துப் பேருக்குத் தலைக்குப் பூ வேணும். இன்னைக்கு உங்ககிட்ட எது புதுசா இருக்கு?"

"ரோஸ் நேத்து வந்தது தம்பி, அதுல முழு மாலை கட்டுனா நிக்காது. சம்பங்கி இன்னைக்குக் காலையில எறங்குச்சு. சம்பங்கியில கட்டி நடுநடுவுல பன்னீர் ரோஸ் வச்சுத் தரவா? தலைக்கு மல்லி வெல ஜாஸ்தி, பாதி முல்லை போட்டுக்கலாமா?"

"நீங்க சொன்னாச் சரிக்கா. மொத்தம் எவ்வளவு ஆகும், ஆட்டோவும் சேர்த்துச் சொல்லுங்க."

எது புதிதாக இருக்கிறது என்று கேட்டதும் அந்த அக்கா நேற்றைய ரோஜாவைப் பற்றித் தானாகவே சொல்லிவிட்டார் பாருங்கள். கேட்காவிட்டால் அந்த ரோஜாவே மாலையில் ஏறியிருக்கும்.

பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். கடையில் போனை எடுத்தவர் ஒருவராகவும் கொண்டுபோகிறவர் வேறொருவராகவும் இருப்பார். தமிழில், சின்னச் சின்ன வரிகளாக:

இன்று வெள்ளி, மாலை 5 மணிக்குள்.
ஜோடி மாலை 1, சம்பங்கி, நடுவில் பன்னீர் ரோஜா. தலைக்குப் பூ 10 பேருக்கு.
சன்னதித் தெரு, ரேஷன் கடைக்கு எதிர் வீடு, பச்சை கேட், டீச்சர் வீடு.
அங்கே போய்க் கூப்பிட வேண்டிய இரண்டு எண்கள்.
அனுப்புவது: பெங்களூர் மருமகன், பேர் சொல்லிக் கொடுக்கவும்.
கட்டி முடித்ததும் போட்டோ அனுப்பவும்.

கதவு எண்ணும் பின்கோடும் இதில் இல்லாததைக் கவனியுங்கள். சின்ன ஊரில் பழைய எண், புது எண் என்று இரண்டு இருக்கும், இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் செய்த உத்தியோகம்தான் விலாசம்: வாத்தியார் வீடு, போஸ்ட்மாஸ்டர் வீடு, ரைஸ்மில்காரர் வீடு. ஊருக்கு வெளியே புதிதாக வந்த நகர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப் லொக்கேஷன் அனுப்புங்கள். அங்கே எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும், உத்தியோகம் சொன்னால் யாருக்கும் தெரியாது.

எண்கள் இரண்டு தேவை. பெரியவர்கள் மத்தியானம் போனை சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்குவார்கள். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று வீட்டில் யாருக்குமே சொல்லாமல் விட்டால், பூ வரும் நேரத்தில் வீடு பூட்டியிருக்கும். ஒருவரிடமாவது ரகசியமாகச் சொல்லி வைப்பது உத்தமம்.

கடைசியாக, இலையில் சுற்றச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் மல்லி வேர்த்து அரை மணியில் பழுத்துப் பழுப்பேறிவிடும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அந்தப் பைகளுக்குத் தடையும் இருக்கிறது, கடைகளில் மட்டும் இன்னும் தொங்குகின்றன. வாழை இலையில் சுற்றி நாரால் கட்டிக் கொடுத்தால் ராத்திரி வரை பூ பூவாக இருக்கும்.

பணம்

முதல் முறை முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். கட்டின மாலையை வாங்க ஆளில்லை என்றால் அவருக்கு அது குப்பை. பாதி இப்போது, பாதி பிறகு என்று பேரம் பேசுகிற அளவுக்குத் தொகையும் பெரியதல்ல. வண்டிக்கூலியைத் தனியாகக் கேட்டுச் சேர்த்து அனுப்புங்கள். கேட்காமல் விட்டால் கடைப் பையன் வீட்டு வாசலில் நின்று உங்கள் அத்தையிடம் கேட்பான், அது அழகாக இருக்காது.

பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயரைப் பேசியவரிடம் படித்துக் காட்டி ஒப்பிடுங்கள். இணையத்தில் பதிந்திருக்கும் கடை எண்ணை மாற்றிவைத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது முன்பு பெரிய தலைவலி. 2023 முதல் சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள வழி வந்திருக்கிறது. இந்திய வங்கியில் என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ கணக்கு இருக்க வேண்டும், உங்கள் வங்கி அதை அனுமதிக்கவும் வேண்டும். இல்லையென்றால் ஊரில் உள்ள தம்பியைக் கட்டச் சொல்லிவிட்டு அவனுக்கு மறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் காலை பத்து மணி என்றால் நம்மூரில் ஏழரை, சொல்வதற்குத் தோதான நேரம். நியூயார்க்கில் கோடையில் இரவு ஒன்பது மணிக்கு இங்கே மறுநாள் காலை ஆறரை. சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் முன் பேசினால் நீங்கள் எழுவதற்குள் பூ போய்ச் சேர்ந்திருக்கும். லண்டன்காரர்கள் பாடுதான் கஷ்டம். அவர்கள் எழுந்து காபி குடிக்கும்போது இங்கே மதியம். முதல் நாளே சொல்லி வைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

பொக்கே

நீண்ட காம்புள்ள ரோஜாவும் ஜெர்பெராவும் பெரும்பாலும் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராத்திரி பஸ்ஸில் வருகின்றன. சின்ன ஊரில் பொக்கே கட்டுகிறவர் தனக்கு ஆர்டர் இருந்தால்தான் கட்டு வரவழைப்பார். எனவே அன்றைக்கே பொக்கே கேட்டால், வாளியில் நாலு நாளாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பூ வர வாய்ப்பு அதிகம். பொக்கேதான் வேண்டும் என்றால் முதல் நாள் சொல்லுங்கள். எழுபது வயது அத்தைக்குப் பொக்கேயை எங்கே வைப்பதென்று தெரியாது, டிவி மேல் வைப்பார். நாலு முழம் நெருக்கிக் கட்டிய மல்லி என்றால் தலையில் கொஞ்சம், சாமி படத்துக்குக் கொஞ்சம், பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் என்று தெருவுக்கே தெரியும்.

எந்த வீட்டுக்கு எது

வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் பூஜடை அனுப்ப ஆசைப்படுவார்கள். கட்டி வைத்த ஜடை அலங்காரக் கடைகளில் கிடைக்கும். பெண்ணின் தலைமுடி நீளத்தை மட்டும் சொல்லிவிடுங்கள். தோவாளையின் புகழ்பெற்ற மாணிக்க மாலையை அன்றைக்கே கேட்காதீர்கள். அரளியை மடித்து மடித்துப் பாய்போலத் தட்டையாகக் கட்டுகிற அந்த வேலைக்கு அவகாசம் வேண்டும்.

நினைவு நாளில் படத்துக்கு மாலை அனுப்பினால் படத்தின் உயரமும் அகலமும் சொல்லுங்கள். ஆளுக்குப் போடும் மாலை வந்து படத்தையே மூடிவிடும் கூத்து அடிக்கடி நடக்கிறது.

கணவரை இழந்த அம்மாக்களுக்குப் பூ அனுப்பும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். சூடிக்கொள்கிறவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். சூடாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே அவரவர் விருப்பம். அவர் வழக்கம் தெரியாமல் தலைக்குப் பூ அனுப்பி, நாலு பேர் முன்னால் அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்படி செய்யக் கூடாது. தெரியவில்லை என்றால் சாமி படத்துக்கு ஒரு கதம்பச் சரமும் உதிரிப்பூவும் அனுப்புங்கள். வேண்டுமானால் அதிலிருந்து கிள்ளி அவரே வைத்துக்கொள்வார்.

துக்க வீடு

அன்றைக்கே பூ அனுப்ப வேண்டிய அவசரம் உண்மையில் அதிகம் வருவது இங்கேதான். செய்தி வந்ததும் கிளம்ப முடியாதவர்கள் மாலையாவது போகட்டும் என்று நினைப்பார்கள்.

கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது எடுக்கிற நேரம். நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்றால் இரண்டு மணிக்குள் மாலை அங்கே இருக்க வேண்டும். குளிப்பாட்டி, சடங்கு தொடங்கிய பிறகு வெளியூர் மாலையை யாரும் கவனிக்க மாட்டார்கள். விலாசம் விளக்க வேண்டாம், இறந்தவர் பெயரைச் சொன்னால் போதும். அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் அந்த வீடு தெரியும். ராத்திரியானாலும் தயங்காமல் கூப்பிடுங்கள். முகூர்த்த நாளில் கல்யாண ஆர்டரை மறுக்கிற கடைக்காரர்கூட சாவு வீட்டு மாலையை மறுப்பதில்லை. இருக்கிற பூவைக் கொண்டு கட்டிக் கொடுத்துவிடுவார். இந்த இடத்தில் இந்தப் பூதான் வேண்டும் என்று கேட்பது முறையல்ல.

மாலையை யார் கையில் கொடுப்பது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கொள்ளி வைக்கப்போகிறவரைக் கூப்பிட்டு "மாலை வந்திருக்கிறது" என்று சொல்ல வைக்காதீர்கள். வாசலில் பந்தலையும் நாற்காலியையும் பார்த்துக்கொண்டு பங்காளி ஒருவரோ மருமகன் ஒருவரோ நிற்பார். அவர் எண்ணை வாங்கிக் கடைக்காரருக்குக் கொடுங்கள். உங்கள் சார்பில் யார் போடுவது என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். மாலையோடு ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். "துபாய், தம்பி குடும்பம்" என்ற அளவு போதும். ரிப்பன் எழுத்தோடு மலர் வளையம் சங்கங்களுக்கும் அலுவலகங்களுக்கும் பொருந்தும், உறவுக்கு மாலைதான். போட்டதற்குச் சாட்சியாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மாலை பலரும் கொண்டுவருவார்கள், மேலே இடமில்லாமல் பக்கத்தில் குவியும். உதிரிப்பூ அனுப்பத்தான் யாருக்கும் தோன்றாது. ஊர்வலத்தில் வழியெல்லாம் தூவ ரோஜா இதழும் சாமந்தியும் கிலோக் கணக்கில் தேவைப்படும். அந்த நேரத்தில் அதற்காக ஒருவர் கடைக்கு ஓடிக்கொண்டிருப்பார். ஐந்து கிலோ உதிரியை ஒரு சாக்கில் அனுப்பிவைத்தால் அந்த வீட்டுக்கு உண்மையான உதவி.

கிறிஸ்தவ வீடுகளில் மலர் வளையமும் வெள்ளைப் பூக்களும் வழக்கம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குச் செவ்வந்தி விலை ஏறும், அன்றைக்கே சொன்னால் கிடைப்பதும் சிரமம். முஸ்லிம் வீடுகளில் மவுத்துக்கு மாலை கொண்டுபோவது பொதுவாக வழக்கமில்லை. அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று அந்த வீட்டு நண்பரிடம் கேளுங்கள். எந்த மதமானாலும் "மாலை வேண்டாம்" என்று குடும்பத்தார் சொல்லியிருந்தால் அதை அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தவறினால்

பூ போகவில்லை, அல்லது வாடிய பூ போய்விட்டது என்றால் போனில் சண்டை போடாதீர்கள். தூரத்திலிருந்து கத்துகிறவருக்குப் பணம் திரும்பி வராது. போட்டோவைக் காட்டி, "அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல பூவா ஒரு சரம் கொண்டுபோய்க் கொடுத்திடுங்க" என்று சொன்னால் பெரும்பாலோர் கொடுத்துவிடுவார்கள். ஊரில் தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் அன்று ராத்திரி கடைக்காரரை ஒரு தரம் கூப்பிட்டு, "மாலை நல்லா இருந்துச்சுன்னு அத்தை சொன்னாங்க" என்று சொல்லுங்கள். வெளியூர் ஆர்டர் கொடுத்தவர்கள் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, அதனாலேயே உங்களை அவருக்கு நினைவிருக்கும். எண்ணை ஊர்ப் பெயரோடு "மன்னார்குடி பூ அக்கா" என்று பதிந்து வையுங்கள். அடுத்த முறை அவர் முன்பணம் கேட்க மாட்டார்.